சேன் நதியில் ஒரு மணி நேரம், கையில் ஒரு பேஸ்ட்ரிப் பெட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிஸில் குடியிருக்கிறேன் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள், சொந்தக்காரர்களின் சொந்தக்காரர்கள் என்று வருஷத்துக்கு நாலைந்து குடும்பமாவது வந்துவிடும். எல்லோரும் கேட்பது இரண்டு: சேன் நதியில் படகில் போக வேண்டும், நல்ல பிரெஞ்சு கேக் சாப்பிட வேண்டும். இரண்டையும் ஒரே அரை நாளில் முடித்து முடித்து எனக்கு ஒரு வழி பழகிவிட்டது. அந்தந்தக் குடும்பத்துக்குத் தனித்தனியாக வாட்ஸாப்பில் எழுதிக்கொண்டிருந்ததை இங்கே ஒரே இடத்தில் வைக்கிறேன்.

இரண்டையும் ஏன் சேர்க்க வேண்டும்? தனித்தனியாகப் போகக் கூடாதா?

தாராளமாகப் போகலாம். ஆனால் சாதாரண சுற்றுலாப் படகு ஒரு மணி நேரம்தான். அதற்காகவே கிளம்பிப் போய்த் திரும்பினால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். பேஸ்ட்ரி சாப்பிட அரை மணி போதும். சேர்த்தால் இரண்டரை மணி நேரம், நடுவில் கொஞ்சம் நடை. ஊரிலிருந்து வந்த மறுநாள், விமானக் களைப்பு போகாதவர்களுக்கு மியூசியத்தை விட இது நல்லது.

படகும் பேஸ்ட்ரியும் சேர்த்து ஒரே டிக்கெட்டாக விற்கிறார்களே, வாங்கலாமா?

ஒரு முறை வாங்கினேன். படகு நன்றாக இருந்தது. பேஸ்ட்ரி என்று கையில் கொடுத்தது ஒட்டிய பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு மக்கரோன். ஃபிரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்தது, கடித்தால் பல் கூசியது. கூட ஒரு காகிதக் கப்பில் காபி. அந்தக் காபிக்கு நின்ற வரிசையில் முதல் நாலு பாலங்கள் போய்விட்டன.

எல்லாமே அப்படித்தான் என்று சொல்லவில்லை. மேஜை போட்டு, தட்டில் வைத்துப் பரிமாறும் படகுகளும் உண்டு, விலையும் அதற்கேற்ற மாதிரி. ஆனால் பேஸ்ட்ரி என்பது காலையில் செய்து மாலைக்குள் தீர வேண்டிய பொருள். செய்த கடைக்கே போய் வாங்குவதுதான் சரி. படகுக்காரரிடம் படகு டிக்கெட், கேக் கடைக்காரரிடம் கேக்.

முதலில் படகா, பேஸ்ட்ரியா?

இதில்தான் சிக்கல். பேஸ்ட்ரிக்கு நல்ல நேரம் காலை பத்து முதல் பன்னிரண்டு. அலமாரி நிறைந்திருக்கும், கிரீம் இளகியிருக்காது, மாவு மொறுமொறுப்பு விட்டிருக்காது. படகுக்கு அழகான நேரம் சாயங்காலம். சாயங்காலம் ஆறு மணிக்குக் கடைக்குப் போனால் யாரும் வாங்காத இரண்டு எலுமிச்சை டார்ட் உட்கார்ந்திருக்கும்.

நான் காலைக்கே ஓட்டுப் போடுவேன். பத்தரைக்குக் கடை, பதினொன்றேகாலுக்கு ஆற்றங்கரையில் சாப்பாடு, பன்னிரண்டுக்குப் படகு. அந்த நேரத்தில் படகிலும் கூட்டம் கம்மி. விளக்கு வெளிச்சம் பார்க்காமல் போக மாட்டேன் என்கிறவர்களுக்குக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

எங்கே வாங்கி, எங்கே ஏறுவது? வழி சொல்லுங்கள்.

படகுத் துறைகள் நிறைய. ஐஃபல் கோபுரத்தின் அடிவாரத்தில் பட்டோ பாரிசியன் இருக்கிறது. அல்மா பாலத்தருகே பட்டோ மூஷ், 1949-இல் ஜான் ப்ருயெல் ஆரம்பித்த கம்பெனி. 'மூஷ்' என்றால் பிரெஞ்சில் ஈ. ஈப் படகா என்று முகம் சுளிக்காதீர்கள்: லியோன் நகரத்தில் பழைய படகுகள் கட்டப்பட்ட பேட்டையின் பெயர் அது.

என் வழி வேறு. மெட்ரோ 4-ஆம் லைனில் எத்தியென் மர்செல் நிலையத்தில் இறங்குங்கள். கார் து நோர் ரயில் நிலையத்துப் பக்கம் தங்கியிருப்பவர்களுக்கு நேர் லைன், மாற வேண்டியதில்லை. அங்கிருந்து ரூ மோந்தொர்கேய் இரண்டு நிமிஷ நடை. இது ஒரு கடைத்தெரு, நம் ஊர் மார்க்கெட் வீதி மாதிரி: மீன்கடை, சீஸ் கடை, பழக்கடை, நடுவில் நடைபாதையில் நாற்காலி போட்ட காபிக் கடைகள். 51-ஆம் எண்ணில் ஸ்தோரெர். 1730-இல் திறந்த கடை; பாரிஸில் இருக்கும் பேஸ்ட்ரிக் கடைகளிலேயே பழையது. பதினைந்தாம் லூயிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த போலந்து இளவரசி மரி லெஷ்சின்ஸ்காவுடன் வந்த சமையல்காரர் நிக்கொலா ஸ்தோரெர் திறந்தது. கடை சின்னது, நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும். உள்ளே போய் ஒரு நொடி கூரையையும் சுவரோவியங்களையும் பாருங்கள், அப்புறம் கேக்கைப் பாருங்கள்.

வாங்கிய பெட்டியைச் சாய்க்காமல், பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாரைத் தூக்கி வருவது போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தெற்கே நடங்கள். சென்த்-உஸ்தாஷ் தேவாலயம், லே ஆல் தோட்டம் தாண்டி நேரே போனால் பதினைந்து, இருபது நிமிஷத்தில் போன் நஃப் பாலம். பெயரின் அர்த்தம் 'புதுப் பாலம்', ஆனால் பாரிஸில் இன்று நிற்பவற்றில் இதுதான் மிகப் பழையது. 1578-இல் தொடங்கி 1607-இல் முடித்தார்கள். பாலத்தின் நடுவில் நாலாம் ஹென்றி மன்னர் சிலையாகக் குதிரைமேல் இருப்பார். அவர் முதுகுக்குப் பின்னால் படிக்கட்டு. இறங்கினால் ஸ்க்வேர் து வெர்-கலான் என்ற முக்கோணத் தோட்டம். தீவின் மூக்கு நுனி மாதிரி ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். நுனியில் ஒரு வில்லோ மரம். கிட்டத்தட்ட தண்ணீர் மட்டத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்து பெட்டியைப் பிரிக்கலாம். படகுத் துறையும் (வெதெத் து போன் நஃப்) அங்கேயே. சாப்பிட்டு, கை துடைத்து, எழுந்து ஏற வேண்டியதுதான்.

பெட்டியில் என்னென்ன வாங்கலாம்?

நாலு பேருக்கு மூன்று பேஸ்ட்ரி வாங்கிப் பங்கு போடுங்கள். ஆளுக்கு ஒன்று வாங்கினால் பாதியில் திகட்டிவிடும். வீட்டிலிருந்து நாலு ஸ்பூன் எடுத்துப் போங்கள்.

முதலில் *மில்ஃபெய்*. ஆயிரம் இலை என்று அர்த்தம். பேக்கரியில் சாயங்காலம் வாங்கும் முட்டை பப்ஸின் மேல்மாவு இருக்கிறதே, அந்த வம்சம்தான். மாவுக்குள் வெண்ணெயை வைத்து மூன்றாக மடித்து உருட்டுவார்கள், ஆறு தடவை. 3, 9, 27 என்று பெருகி ஆறாவது மடிப்பில் 729 அடுக்கு. அடுப்பில் வெண்ணெயிலிருக்கும் ஈரம் ஆவியாகி ஒவ்வொரு அடுக்கையும் தூக்கிவிடும். நம் ஊர் பப்ஸில் பெரும்பாலும் வனஸ்பதி, அதனால்தான் சாப்பிட்டபின் மேலண்ணத்தில் ஒரு மெழுகுப் பூச்சு நிற்கும். வெண்ணெயில் செய்தது நாக்கிலேயே கரைந்து போகும். மேலிருந்து ஸ்பூனால் குத்தினால் கிரீம் நாலு பக்கமும் பிதுங்கும். பக்கவாட்டில் சாய்த்து வைத்து வெட்டுங்கள்.

இரண்டாவது *பாரி-ப்ரெஸ்த்*. வளையமாகச் சுட்ட மாவு, நடுவில் ஹேசல்நட், பாதாம் அரைத்த பிராலீன் கிரீம், மேலே சீவிய பாதாம். பாரிஸிலிருந்து ப்ரெஸ்த் துறைமுகம் வரை போய்த் திரும்பும் சைக்கிள் போட்டி 1891-இல் ஆரம்பித்தது. அதற்காக 1910-இல் லூயி துராந் என்பவர் சைக்கிள் சக்கர வடிவத்தில் செய்த கேக் இது. என் ஓட்டு எப்போதும் இதற்குத்தான். வறுத்த வேர்க்கடலை வாசனைக்குப் பழகிய மூக்குக்கு இந்தக் கிரீம் அந்நியமாகவே தெரியாது.

மூன்றாவதாக *எக்லேர்*, உள்ளே கிரீம் அடைத்த நீளமான பேஸ்ட்ரி (சாக்லேட் அல்லது காபி), வாங்கினால் பிள்ளைகள் சண்டை போடாமல் இருக்கும். சாக்லேட்தான் பாதுகாப்பு, காபிதான் ருசி.

ஸ்தோரெர் கடைக்குப் போய் *பாபா ஓ ரம்* வாங்காமல் வருவது திருநெல்வேலிக்குப் போய் அல்வா வாங்காமல் வருவது மாதிரி என்பார்கள். அது அந்தக் கடையோடு சேர்ந்த பெயர். ஆனால் பெயரிலேயே ரம் இருக்கிறது. சுட்டபிறகுதான் ரம் பாகில் ஊற வைக்கிறார்கள், ஆகவே மது ஆவியாகிப் போயிருக்கும் என்று நினைக்க வேண்டாம். என் அத்தை ஒருவர் 'தேன் கேக் மாதிரி இருக்குடா' என்று பாதி சாப்பிட்டபிறகுதான் நான் சொன்னேன். இன்னும் அதைப் பேசுகிறார்.

மக்கரோன் எங்கே? அதுதானே பாரிஸ்?

புகைப்படத்துக்கு அதுதான். சாப்பிடுவதற்கு எனக்கு அது நாலாவது, ஐந்தாவது இடம். பாதாம் பொடி, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை. தூத்துக்குடி மக்ரூனின் தூரத்துச் சொந்தம்: அங்கே முந்திரி, இங்கே பாதாம், அங்கே கூம்பாக ஒற்றை ஆள், இங்கே இரண்டு வில்லைக்கு நடுவில் கிரீம். தூத்துக்குடிக்காரர்கள் இங்கே வந்து 'இதுக்கா இவ்வளவு விலை' என்று கேட்பது நியாயம்தான். வாங்கினால் இருபது நிமிஷம் வெளியே வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள், குளிர் போனால்தான் மணம் வரும்.

முட்டை சாப்பிட மாட்டோம். எங்களுக்கு என்ன இருக்கிறது?

நேர்மையாகச் சொன்னால், ரொம்பக் குறைவு. பிரெஞ்சு பேஸ்ட்ரியில் முட்டை இல்லாத இடமே இல்லை. எக்லேர், பாரி-ப்ரெஸ்த் மாவிலேயே முட்டை. மில்ஃபெய் மாவில் வழக்கமாக இல்லை, ஆனால் நடுவிலிருக்கும் கிரீமில் மஞ்சள் கரு.

தப்பிப்பவை இரண்டு. ஒன்று *பால்மியே*: அதே அடுக்கு மாவைச் சர்க்கரையில் புரட்டி இதய வடிவில் சுருட்டிச் சுட்டது. ஊரில் 'லிட்டில் ஹார்ட்ஸ்' பிஸ்கட் சாப்பிட்டிருப்பீர்களே, அதன் பெரியப்பா. உள்ளங்கை அகலம், ஓரத்தில் சர்க்கரை கருகிக் கண்ணாடியாக இருக்கும். கேட்டுவிட்டு வாங்குங்கள், ஏனென்றால் சிலர் மேலே முட்டை தடவுவார்கள். இன்னொன்று பழ சோர்பே, பாலும் முட்டையும் இல்லாத பழ ஐஸ். நோத்ர்-தாம் பின்னால் இல் சென்-லூயி தீவில் பெர்த்தியோன் கடையில் கிடைக்கும். நல்ல கோடையில் ஐஸ்கிரீம் கடையை மூடிவிட்டு லீவுக்குப் போகிற முதலாளிகளை இந்த ஊரில்தான் பார்த்தேன், அந்தக் கடைதான் அது. ஆகஸ்டில் வருகிறவர்கள் கவனம். இப்போது முழுக்கத் தாவர உணவாகச் செய்யும் பேக்கரிகளும் பாரிஸில் முளைத்திருக்கின்றன, 'வேகான்' என்று தேடினால் வரும்.

முட்டை பரவாயில்லை, மாட்டுக் கொழுப்பு, பன்றி எதுவும் கலந்திருக்குமா?

நல்ல கேள்வி, பலர் கேட்பதில்லை. கவனிக்க வேண்டியது ஜெலட்டின். கண்ணாடி போல் பளபளக்கும் மேற்பூச்சு, மூஸ் என்ற நுரைக் கிரீம் கேக்குகள், இவற்றில் அடிக்கடி இருக்கும். மாடு, பன்றி, மீன் எதிலிருந்தும் வரலாம். அலமாரியில் எது ரொம்ப மினுக்குகிறதோ அதைத் தவிர்த்தால் பாதி வேலை முடிந்தது. மீதிக்குக் கேக்கைக் காட்டி 'ஜெலாத்தீன்?' என்று கேளுங்கள், புரியும்.

கடையில் பேசத் தெரியாதே?

உள்ளே நுழைந்ததும் 'போன்ஜூர்' சொல்லுங்கள். வேறெதுவும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இதை விட்டுவிடாதீர்கள். இங்கே வணக்கம் சொல்லாமல் நேரே 'ஹவ் மச்' என்று கேட்பது, ஒருவர் வீட்டுக்குள் செருப்போடு நுழைவது மாதிரி. அப்புறம் விரலால் காட்டினால் போதும். வெளியில் எடுத்துப் போவதற்கு 'ஆம்போர்த்தே'.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

ஒரு மணி நேரப் படகு பெரியவருக்கு 15 முதல் 20 யூரோ. இணையத்தில் முன்பதிவு செய்தால் சில நேரம் ஒன்றிரண்டு யூரோ குறையும். நாலு வயதுக்குக் கீழே பெரும்பாலும் இலவசம். நல்ல கடையில் ஒரு பேஸ்ட்ரி 5 முதல் 9 யூரோ, பேர் பெற்ற செஃப்களின் கடைகளில் அதற்கும் மேலே இரண்டு மடங்கு போகும். நாலு பேர் குடும்பத்துக்கு நூறு யூரோவுக்குள் முடித்துவிடலாம். ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள், தொண்டையில் இறங்காது.

படகிலேயே உட்கார்ந்து சாப்பிட்டால் என்ன?

என் பெரியப்பாவுக்கும் இந்த ஆசை வந்தது. வேண்டாம் பெரியப்பா என்றேன். 'ஆத்துக் காத்துல சாப்பிடற சுகமே தனி' என்று மேல்தளத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். உள்ளே மேலே சர்க்கரைப் பொடி தூவிய மில்ஃபெய். படகு வேகமெடுத்தது. ஒரு பாலத்துக்குக் கீழிருந்து வெளியே வந்த நொடியில் எதிர்க்காற்று. பெட்டி மூடி பறந்தது, சர்க்கரைப் பொடி மொத்தமும் பின்வரிசையில் கறுப்புக் கோட்டு போட்டிருந்த அம்மாள்மேல். விபூதி அபிஷேகம் செய்த மாதிரி உட்கார்ந்திருந்தார் அந்த அம்மாள். பெரியப்பா கைக்குட்டையால் துடைக்கப் போக, அது கோட்டில் இன்னும் நன்றாகத் தேய்ந்தது. நல்லவேளை, அவர் சிரித்துவிட்டார்.

வெளியிலிருந்து கொண்டுவந்த தின்பண்டத்துக்கு ஒவ்வொரு படகிலும் ஒவ்வொரு விதி, ஏறும்போது கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி இருந்தாலும் கண்ணாடி போட்ட கீழ்த்தளத்தில், எக்லேர் மாதிரி கையில் பிடித்துச் சாப்பிடும் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படகிலிருந்து என்ன தெரியும்? எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

எந்தப் பக்கமும் சரி. போகும்போது ஒரு கரை, திரும்பும்போது மறு கரை. ஒலிபெருக்கியில் பிரெஞ்சும் ஆங்கிலமும் வரும், தமிழ் வராது. ஆகவே பிள்ளைகளுக்குச் சொல்ல நான் வைத்திருப்பவை:

கிளம்பியதும் திரும்பிப் போன் நஃப் பாலத்தின் விளிம்பைப் பாருங்கள். வரிசையாக முந்நூற்றுச் சொச்சம் கல் முகங்கள், ஒன்று போல் ஒன்று இருக்காது: கோரைப்பல், பிதுங்கிய கண், தாடி. புது வீட்டு வாசலில் திருஷ்டிப் பொம்மை கட்டுகிற நமக்கு இது புதிதல்ல.

வலது கையில் லூவ்ர் நீளமாக வந்துகொண்டே இருக்கும். எதிர்க்கரையில் இரண்டு பெரிய கடிகாரங்களோடு ஓர்சே மியூசியம். 1900-இல் ரயில் நிலையமாகக் கட்டியது, 1986-இல் மியூசியமானது. அடுத்துத் தங்கச் சிலைகள் மின்னும் மூன்றாம் அலெக்சாந்தர் பாலம், அதுவும் 1900 உலகக் கண்காட்சிக்காக எழுந்தது. நடுவில் தூணே இல்லாத ஒற்றை எஃகு வளைவு. அல்மா பாலத்தில் ஒரு கல் சிப்பாய் நிற்பார், ஸுவாவ். ஆறு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாரிஸ்காரர்கள் அவரை வைத்துத்தான் சொல்வார்கள். காலில் தண்ணீர் என்றால் எச்சரிக்கை. 1910 ஜனவரி வெள்ளத்தில் தோள்வரை மூழ்கியிருந்தார்.

ஐஃபல் கோபுரத்தருகே திரும்பி வந்து தீவைச் சுற்றும்போது கூம்புக் கோபுரங்களோடு கோன்சியெர்ஜரி வரும். 1793-இல் பிரெஞ்சு ராணி மரி ஆந்துவானெத் தலை துண்டிக்கப்படுமுன் சிறையிருந்த இடம். 'ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும்' என்று அவர் சொன்னதாகச் சொல்வார்களே, அதற்கு ஆதாரம் கிடையாது. கதையில் வருவதும் கேக் அல்ல, பிரியோஷ் என்ற முட்டையும் வெண்ணெயும் போட்ட ரொட்டி. வயிற்றில் பாரி-ப்ரெஸ்த்தோடு இதைக் கேட்டால் கொஞ்சம் உறுத்தும். அதே சுற்றில் நோத்ர்-தாம். 2019 ஏப்ரல் 15-இல் எரிந்து, 2024 டிசம்பரில் மறுபடி திறந்த கோயில். அதன் பின்பக்கமும் தாங்கு வளைவுகளும் ஆற்றிலிருந்து பார்க்கிற மாதிரி தெருவிலிருந்து தெரியாது.

ராத்திரி விளக்கோடு பார்க்க வேண்டுமே?

இருட்டியபிறகு ஒவ்வொரு மணி தொடக்கத்திலும் ஐஃபல் கோபுரம் ஐந்து நிமிஷம் மினுமினுக்கும். போன் நஃபிலிருந்து கோபுரத்துக்குப் படகு சேர இருபது, இருபத்தைந்து நிமிஷம் பிடிக்கும். ஆகவே அரை மணிக்குக் கிளம்பும் படகைப் பிடித்தால் ஏறக்குறைய சரியாக இருக்கும். ஜூனில் சூரியன் மறையவே இரவு பத்தாகும், பிள்ளைகள் தூங்கிவிடும். டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டு, ஆனால் மேல்தளத்தில் காது விறைக்கும். அப்படிப் போகிறவர்கள் பேஸ்ட்ரியைக் காலையிலேயே வாங்கிச் சாப்பிட்டுவிடுங்கள். ராத்திரிக்கென்று எடுத்து வைத்த மில்ஃபெய் ஊறின அப்பளம்.

அம்மாவுக்கு முட்டி வலி. இந்தப் படிக்கட்டு ஏற முடியுமா?

போன் நஃப் படிகள் செங்குத்து. கஷ்டம்தான். அவர்களை அல்மா பாலத்துப் பட்டோ மூஷுக்கு அழைத்துப் போங்கள், சரிவுப் பாதை இருக்கிறது. பேஸ்ட்ரிக்கு ஆற்றைத் தாண்டி ரூ சென்-தொமினிக், ரூ க்ளேர் தெருக்கள், வாங்கியதும் டாக்சி.

மழை வந்தால்?

மூடிய தளம் உண்டு, மழைக்குப் படகு நிற்காது. ஆறு ஏறினால்தான் நிற்கும், பாலத்துக்கு அடியில் நுழைய இடம் இருக்காது. 2016 ஜூனிலும் 2018 ஜனவரியிலும் அப்படி நிறுத்தினார்கள். குளிர்காலக் கடைசியில் வருகிறவர்கள் முந்தின நாள் பார்த்துக்கொள்ளுங்கள். வெர்-கலான் தோட்டம் அப்போது தண்ணீருக்குள் போய்விடும்.

ஊருக்கு வாங்கிப் போகலாமா?

கிரீம் உள்ளது எதுவும் வேண்டாம். பால்மியே, மக்கரோன் இரண்டும் போகும். மக்கரோனைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட்டால் சென்னையில் பொடியாகத்தான் இறங்கும்.

இவ்வளவு இனிப்புக்கு அப்புறம் ஏதாவது காரமாக?

இந்தக் கேள்வி படகிலிருந்து இறங்கிய ஐந்தாவது நிமிஷம் வரும், எனக்குத் தெரியும். மெட்ரோ 4-இல் ஏறி கார் து நோரில் இறங்கி லா ஷப்பெல் பக்கம் நடந்தால் ஈழத்தமிழர் கடைகள்: ரோல்ஸ், கொத்து, மிளகாய் போட்ட வடை. அவற்றைக் கட்டிக்கொண்டு வந்து ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது, வழியில் ஒரு பாகெட் ரொட்டியும் வாங்கிக்கொள்ளுங்கள். 2023-இல் பாரிஸின் சிறந்த பாகெட்டுக்கான பரிசை வாங்கி, ஓராண்டுக்கு ஜனாதிபதி மாளிகைக்கு ரொட்டி கொடுத்தவர் தர்ஷன் செல்வராஜா, இலங்கையிலிருந்து வந்தவர். கடை இருபதாம் வட்டாரத்தில், ரூ தெ பிரெனே தெருவில். மீன் குழம்பில் தோய்க்க அந்த மொறுமொறு ஓரம் மாதிரி ஒன்று கிடையாது.